‘அவங்களுக்குப் பழகிப்போச்சு’: குளிருக்கு விதி எழுதிய விளையாட்டும் போடிமெட்டு ஏலக்காடும்

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலையெழுத்து. மற்றொன்று, யாரோ உட்கார்ந்து எழுதிவைத்த சட்டதிட்டம். மனிதர்கள் எழுதிய சட்டதிட்டத்தை யாராலும் மாற்ற முடியாத தலையெழுத்தாக நம்பவைத்ததில்தான் சாதியின் வெற்றி இருக்கிறது. ஆகவே விதிகள் எங்கெல்லாம் எழுதப்படுகின்றனவோ அங்கெல்லாம் நம் கண் இருக்க வேண்டும். சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் பார்ப்பது போதாது, நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டையும் பார்க்க வேண்டும்.

தேனி மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் படிக்கப்போன நம் மாணவர்கள் சிலர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை விடுதியில் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொழுதுபோக்குதானே என்று நாம் கடந்துபோகவில்லை. குளிருக்கும் வெயிலுக்கும் மலைக்கும் காட்டுக்கும் அந்த விளையாட்டில் தனித்தனியாக விதிகள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை, போடிமெட்டில் தினமும் ஏறி இறங்கும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தோம். வாசித்ததில் கண்டதை இங்கே சொல்கிறோம்.

இருபது முகக் கட்டை

ஆடாதவர்களுக்காக ஒரு சுருக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: வாள்வீரன், மந்திரக்காரி, திருடன், காட்டுவழி தெரிந்தவன். பேச்சுதான் விளையாட்டு. ‘அந்தப் பாறையில் ஏறுகிறேன்’ என்கிறார் ஒருவர். ஏற முடிந்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு கட்டையை உருட்டித் தெரிந்துகொள்கிறார்கள். எந்த எண் விழுந்தால் ஏறலாம், தவறினால் எவ்வளவு அடிபடும் என்பதை விதிப் புத்தகம் சொல்லும்.

அந்தக் கட்டையைப் பகடை என்றும் சொல்வார்கள். பகடை என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயரும்கூட. 2009-இல் வந்த அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இருக்கும் ஏழு பெயர்களில் அதுவும் ஒன்று. நம் மக்கள்மீது வசையாகவும் வீசப்பட்ட சொல் அது. அதனால் தாயக்கட்டை வழக்கில் ‘கட்டை’ என்றே எழுதுகிறோம்.

இந்த விளையாட்டு 1974-இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளியானது. முதல் பதிப்பில் காட்டுக்கும் மலைக்கும் வரைபடம் கிடையாது. 1972-இல் வந்திருந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற வேறொரு பலகை விளையாட்டின் வரைபடத்தை எடுத்துப் பயன்படுத்தச் சொன்னார்கள். 1986-இல் ‘வில்டர்னஸ் சர்வைவல் கைடு’ என்ற தனிப் புத்தகம் வந்தது. பிறகு 2004-இல் பனிக்கு ‘ஃப்ராஸ்ட்பர்ன்’, 2005-இல் பாலைக்கு ‘சாண்ட்ஸ்டார்ம்’, அதே ஆண்டு கடலுக்கு ‘ஸ்டார்ம்ராக்’ என்று வரிசையாக வந்தன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு சூழல் விதிகளைச் சில பக்கங்களுக்குள் சுருக்கிவிட்டது. நம் மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பதிப்புதான்.

எது குளிர் என்று யார் சொல்வது?

2014 பதிப்பில் கடுங்குளிருக்கான விதி இது. வெப்பநிலை பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கு, அதாவது ஏறத்தாழ மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால், வெளியில் இருப்பவர் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு முறை கட்டை உருட்ட வேண்டும். உடல்வலிமைக்கான எண்ணைக் கூட்டி 10 வராவிட்டால் களைப்பு ஒரு படி ஏறும். களைப்புக்கு ஆறு படிகள். இரண்டாம் படியில் நடையின் வேகம் பாதியாகும். நான்காம் படியில் உயிர்ப்புள்ளிகளின் உச்ச அளவு பாதியாகும். ஐந்தாம் படியில் நகர முடியாது. ஆறாம் படி சாவு.

உயரத்துக்கும் விதி இருக்கிறது. 10,000 அடிக்கு மேலே போனால் ஒரு மணி நேர நடை இரண்டு மணி நேர நடையாகக் கணக்கிடப்படும்.

இப்போது நம் மலையைப் பாருங்கள். போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. 4,000 அடிக்கும் மேலே. அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காடுகள் விரிகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான ஆனைமுடிகூட 9,000 அடியைத் தொடவில்லை. அப்படியானால் இந்தப் புத்தகத்தின்படி நம் மலைத்தொடர் முழுவதிலும் உயரம் என்பது ஒரு பிரச்சினையே கிடையாது. மைனஸ் 18 டிகிரியும் இங்கே வரப்போவதில்லை. ஆகவே குளிரும் கிடையாது.

ஆனால் ஆடி மாதச் சாரலில் நனைந்த சேலையோடு எட்டு மணி நேரம் குனிந்து நிற்பவருக்கு 15 டிகிரியும் குளிர்தான். ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதில்லை. செடியின் அடியில் மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கிறது. பறிப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்த வைத்தோதான் வேலை செய்ய வேண்டும். மேலே மழை, கீழே ஈர மண், காலில் அட்டை. உடம்பை மறைக்க இடுப்பில் ஒரு சாக்கும் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளும். குளிர் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவர்கள் போட்டார்கள். கோடு போட்டவர் நின்ற இடம் அந்தக் கோட்டில் தெரிகிறது. நம் ஊரிலும் பேரிடர் எது, வேலையிட விபத்து எது, ‘சாதாரணக் காய்ச்சல்’ எது என்ற கோடுகளை இப்படித்தான் வேறு எங்கோ இருந்து போடுகிறார்கள்.

தானாகத் தேறும் இரண்டு வழிகள்

குளிர் விதியின் அடுத்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. மாயசக்தியால் குளிரைத் தாங்குபவர்கள் ஒருபுறம் இருக்கட்டும். சாதாரணமானவர்களில் இரண்டு வகையினர் கட்டை உருட்டாமலேயே தேறிவிடுவார்கள். ஒன்று, குளிருக்கான உடையும் கையுறையும் வைத்திருப்பவர்கள். மற்றொன்று, குளிர்ப் பிரதேசத்துக்கு இயல்பிலேயே பழகிய உயிர்கள்.

இந்த இரண்டு வழிகளையும் போடிமெட்டுச் சாலையில் நின்று யோசித்துப் பாருங்கள். மேலே காரில் சுற்றுலா போகிறவருக்கு ஜாக்கெட் இருக்கிறது. அவர் முதல் வழியில் தேறிவிடுகிறார். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பெண்களுக்கு ஜாக்கெட் இல்லை. அவர்களை இரண்டாம் வழியில் தள்ளிவிடுகிறது சமூகம். ‘அவங்களுக்குக் குளிர் பழகிப்போச்சு.’ ‘அட்டை கடிச்சா அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது.’ ‘மருந்து வாடை அவங்களுக்குப் பழக்கம்தான்.’ தோட்டப் பகுதியில் கொஞ்ச நாள் வேலை செய்த எந்தச் சமூகப் பணியாளரும் இந்த வாக்கியங்களைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

வசதி இருப்பவருக்குப் பாதுகாப்பு, வசதி இல்லாதவருக்குப் ‘பழக்கம்’. உடைமையில் இருக்கும் வேறுபாடு உடலில் இருக்கும் வேறுபாடாகப் பெயர் மாற்றப்படுகிறது. பிறகு கம்பளி கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது. மலக்குழிக்குள் இறங்குபவரைப் பற்றியும், சுடுகாட்டில் வேலை பார்ப்பவரைப் பற்றியும், வெயிலில் நாற்று நடுபவரைப் பற்றியும் சொல்லப்படுவது இதே வாக்கியம்தான். சாதிக்கு உடற்கூறியல் முகமூடி போடும் வாக்கியம் அது.

விளையாட்டுப் புத்தகம் இதைத் திட்டமிட்டுச் செய்தது என்று நாம் சொல்லவில்லை. அது ஒரு வேலையை நமக்குச் சுலபமாக்கிவிட்டது என்கிறோம். வாழ்க்கையில் மறைவாக இயங்கும் விதியை அச்சில் ஏற்றிப் பக்க எண்ணும் போட்டுக் கொடுத்துவிட்டது. அச்சில் இருப்பதை அடித்துத் திருத்தலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளி

அதே 2014 பதிப்பில் விலைப்பட்டியல் ஒன்று உண்டு. சாகசக்காரர்கள் சுமை தூக்கவும் எடுபிடி வேலைக்கும் ஆள் வைத்துக்கொள்ளலாம். ‘பயிற்சி இல்லாத’ ஆளுக்கு நாள் கூலி 2 வெள்ளிக்காசு. ‘பயிற்சி பெற்ற’ ஆளுக்கு 2 பொற்காசு, அதாவது பத்து மடங்கு. இன்னொரு பக்கத்தில் வாழ்க்கைச் செலவுப் பட்டியல் இருக்கிறது. ஏழையாக வாழ ஒரு நாளைக்கு ஆகும் செலவு 2 வெள்ளிக்காசு. கூலியும் செலவும் சரியாக ஒன்று. மிச்சம் எதுவும் இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குச் சோறு இல்லை.

ஒரு கம்பளியின் விலை 5 வெள்ளி. சுமைகூலிக்கு இரண்டரை நாள் சம்பளம். நீண்ட வாள் ஒன்று 15 பொன். அது 75 நாள் சம்பளம். முழு இரும்புக் கவசம் 1,500 பொன். சுமைகூலி ஒரு நாள்கூட விடாமல், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் 20 ஆண்டுக்கு மேல் உழைத்தால் அதை வாங்கலாம். கற்பனை உலகத்தில் பறவைநாகம் பறக்கலாம், செத்தவர் எழுந்து வரலாம். கூலிப் பட்டியல் மட்டும் நாம் அறிந்த உலகத்தைப் போலவே இருக்கிறது.

இந்தச் சுமைகூலிக்குப் பெயர் கிடையாது. பாத்திரத் தாள் கிடையாது. போடியில் மாலை வகுப்பு ஒன்றில் மாணவர்கள் பனிமலைக் கதை ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் பறித்துவிட்டு மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு கதை நடத்திய பையனிடம், “ஏந்தம்பி, அந்த மூட்டை தூக்கிட்டு வர்ற ஆளுக்கு மட்டும் குளிராதா? அவனுக்கும் ஒருக்கா கட்டைய உருட்டு” என்றார். பையன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அவரு பேரே இதுல இல்ல அத்தை” என்றான். “பேரில்லாட்டி குளிராதாக்கும்” என்றார் அவர். சமூகவியலில் இதைச் சொல்ல நமக்கு ஒரு அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும்.

களைப்பு தீரவும் விதி இருக்கிறது. உணவும் நீரும் எடுத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் நீண்ட ஓய்வு எடுத்தால் களைப்பு ஒரு படி இறங்கும். விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, ஜீப் ஏறி, மாலை திரும்பி, மறுபடி சமைத்துப் பாத்திரம் கழுவிப் படுக்கும் பெண்ணுக்கு அந்த எட்டு மணி நேரம் எங்கே இருக்கிறது? அவர் கணக்கில் களைப்பு ஒவ்வொரு நாளும் மறுநாளுக்குப் பாக்கியாகப் போகிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் உடம்பு தாங்காது என்று இந்தச் சாகச விளையாட்டே ஒப்புக்கொள்கிறது. வேலை நேரத்துக்கும் அந்த வரம்பு வேண்டும் என்று வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து போராடியவர் அண்ணல் அம்பேத்கர். ஓய்வு என்பது சலுகையாக இருந்த நாட்டில் அதை உரிமையாக எழுதவைக்க வேண்டியிருந்தது.

வெறும் நிலமும் வேற்றுப் பிறவிகளும்

1978-இல் வந்த விதிப் புத்தகத்தில் ஒரு வரி. ஒன்பதாம் நிலையை எட்டிய வீரன் ஒரு கோட்டை கட்டலாம். சுற்றிலும் 20 முதல் 50 மைல் வரை இருக்கும் ‘பகை உயிர்களை’ ஒழித்துவிட வேண்டும். அதன் பிறகு அங்கே வந்து குடியேறும் ஒவ்வொருவரிடமிருந்தும் மாதம் 7 வெள்ளி வருவாய் அவனுக்கு. காடு என்பது ஆளில்லாத இடம், அங்கே இருப்பவை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டியவை என்பது இந்த வரியின் அடித்தளம்.

போடி மலையிலும் சரிவுகளிலும் பளியரும் முதுவரும் இருக்கிறார்கள். தோட்டங்கள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் காட்டை ‘வெறும் காடு’ என்று எழுதிய கைகள்தான் பத்திரங்களை எழுதின. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், இருந்ததை நிரூபிக்க வேண்டிய பாரம் இருந்தவர்கள் தலையில்தான் இருக்கிறது.

சூழல் புத்தகங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்றே பிறந்த இனங்கள். ‘சாண்ட்ஸ்டார்ம்’ பாலைக்கு என்று சில இனங்களைத் தந்தது. ‘ஸ்டார்ம்ராக்’ கடலுக்குத் தந்ததில் ஒன்று ‘ஹாடோஸி’ என்ற குரங்கு உருவ மாலுமி இனம். 2022-இல் வேறொரு புத்தகத்தில் அந்த இனத்தை அடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்கள் என்று கதை கட்டினார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்திய பழைய சித்திரங்களின் சாயல் அதில் இருப்பதாக வாசகர்கள் கொதித்தார்கள். வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. அதற்கு முன்பே 2020-இல், சில இனங்கள் பிறப்பிலேயே தீயவை என்று காட்டும் வழக்கத்தைக் கைவிடுவதாக அந்நிறுவனம் அறிவித்திருந்தது. 2024 பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே மாற்றி ‘உயிரினம்’ என்ற பொருளில் வேறு சொல் வைத்தார்கள். பிறப்பால் குணம் என்ற விதியை, அதை எழுதியவர்களையே திருத்தவைக்க முடியும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நம் தமிழிலும் பழைய சூழல் விதிப் புத்தகம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் என்று கருப்பொருள் பட்டியல். நிலத்தை வெறும் ஆபத்தாகப் பார்க்காமல் அங்கே நிகழும் உணர்வோடு, உரிப்பொருளோடு சேர்த்துப் பார்த்தது திணையின் சிறப்பு. பனிமலையை அடிபடும் புள்ளிகளாக மட்டும் எழுதிய அமெரிக்கப் புத்தகத்துக்கு அது தெரியாது. ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள நம்மால் முடியாது. இந்த நிலத்துக்கு இந்த மக்கள், இந்த மக்களுக்கு இந்தத் தொழில் என்று கட்டிவைக்கும் பட்டியலைப் பார்க்கும்போது, ஊருக்குத் தாழ்வான பக்கத்தில், தண்ணீர் வடியும் இடத்தில் சேரியை வைத்த கை நம் நினைவுக்கு வராமல் போகாது. நிலம் யாருக்கும் பிறவிக்குணம் தருவதில்லை. யார் எந்த நிலத்தில் நிற்க வேண்டும் என்பதை அதிகாரம் தீர்மானிக்கிறது.

கட்டையை யார் உருட்டினார்கள்?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தலித் தமிழ்க் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோடு விமான நிலையத்தில் ஒரு விமானம் விபத்துக்குள்ளானது. கேரள அரசு விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சமும் பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 5 லட்சமும் அறிவித்தது. அடுத்தடுத்த நாட்கள், ஒரே மாநிலம், ஒரே மழைக்காலம். விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கிடைத்ததை நாம் குறைத்துப் பேசவில்லை. இரண்டு விலைப்பட்டியல் ஏன் என்று கேட்கிறோம். பெட்டிமுடியை ‘விதி’ என்றார்கள். மழை எவ்வளவு பெய்யும் என்பது வேண்டுமானால் கட்டை உருட்டுவதுபோல இருக்கலாம். சரிவின் அடியில் லயத்தை வைத்ததும், தலைமுறைகளாக அதைச் சொந்த வீடாக மாற்றித் தராததும் கட்டை விழுந்த விதம் இல்லை. அவை மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2018 மார்ச் 11-இல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தத் துயரத்துக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் எழுதியது. 2024-இல் மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தபோது பதிவு, வழிகாட்டி எல்லாம் ஏற்பாடாயின. அவசியமான விதிகள், வரவேற்கிறோம். அதே மலைத்தொடரில் ஆண்டு முழுக்க விடிகாலை ஜீப்பில் ஏறும் தொழிலாளர்களுக்கு அதே அக்கறையோடு எழுதிய புத்தகம் எங்கே? ஒரு ஜீப்பில் எத்தனை பேர், வளைவில் மண் சரிந்தால் யாருக்குச் சொல்வது, மாநில எல்லையின் அந்தப் பக்கம் அடிபட்டால் எந்த மருத்துவமனை, செலவு யாருடையது?

இப்படி ஒரு புத்தகம் எழுதப்படாமலே இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 17-ஆம் பிரிவு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளர்களைக் காக்க குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தர வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. குளிருடை இருந்தால் தானாகத் தேறலாம் என்ற விளையாட்டு விதிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டில் இருந்த விதி. ஆனால் அந்தச் சட்டம் 5 ஹெக்டேருக்கு மேல் பரப்பும் 15 தொழிலாளர்களும் இருக்கும் தோட்டங்களுக்குத்தான். ஏலத்தோட்டங்களில் ஏராளமானவை அதைவிடச் சிறியவை. தினம் ஒரு தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் கூலித் தொழிலாளி எந்தத் தோட்டத்தின் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. இப்போது அந்தச் சட்டமும் 2020-இன் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. விளையாட்டின் சுமைகூலியைப் போலவே இங்கேயும் பெயரில்லாதவருக்குக் கட்டை உருட்டப்படுவதில்லை.

நஞ்சுக்கும் இதே கதைதான். 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருந்ததாக ஆய்வு வந்ததும் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கின் சரி தவறுக்குள் நாம் போகவில்லை. பாயசத்துக்குள் போகும் ஏலக்காயைச் சோதிக்க ஆய்வகமும் இரண்டு நீதிமன்றங்களும் இருந்தன. அந்த மருந்தை முதுகில் சுமந்து அடிப்பவரின் நுரையீரலும், அடித்த செடிக்குக் கீழே குனிந்து பறிப்பவரின் இரத்தமும் எந்த ஆய்வகத்துக்குப் போயின?

மேசைக்கு வந்தவர்கள்

விளையாட்டின் பக்கம் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2022-இல் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற புத்தகம் வந்தது. 13 கதைக்களங்கள். அத்தனையையும் எழுதியவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள். அதற்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் 1997-இல் தொடங்கிய சாந்தி பவன் பள்ளியை நிறுவிய ஆபிரகாம் ஜார்ஜின் மகன். அந்தப் பள்ளியின் நிர்வாகப் பொறுப்பிலும் இருப்பவர். பரம ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளியின் மாணவிகளைப் பற்றி 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டாட்டர்ஸ் ஆஃப் டெஸ்டினி’ ஆவணத் தொடரை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2021-இல் அவர் ‘காலகேரி’ என்ற மழைக்காட்டு நாட்டை இந்தியச் சாயலில் இந்த விளையாட்டுக்காக எழுதினார்.

சிட்டாடல் புத்தகத்தில் ஆறுகளும் காடும் சூழ்ந்த, வங்கத்தை நினைவூட்டும் ‘சங்கபூமி’ என்ற நாட்டை எழுதியவர் மிமி மண்டல். தன்னைத் தலித் எழுத்தாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். 2018-இல் ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. உலகம் முழுக்க ஆடப்படும் விளையாட்டுக்குள் ஒரு தலித் பெண் தன் ஊர் ஆறுகளைக் கொண்டுபோய் வைத்தார் என்பது சின்ன விஷயமில்லை. வாசல் திறக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் மாணவிகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது கதைகளின் தொகுப்பு. நிலக்காட்சி மாறியது, முகங்கள் மாறின, உணவும் உடையும் பெயர்களும் மாறின. கூலிப் பட்டியல் மாறவில்லை. 2024 பதிப்பிலும் பயிற்சி இல்லாத ஆளுக்கு 2 வெள்ளிதான். பிரதிநிதித்துவத்தின் எல்லை அங்கே முடிகிறது. நம்மவர் மேசையில் உட்காருவது முதல் படி. விதியில் கை வைப்பது இரண்டாம் படி. அரசியலிலும் நாம் இதே இடத்தில்தான் நிற்கிறோம்.

நாம் எழுத வேண்டிய புத்தகம்

விதியில் கை வைக்க இப்போது தடையும் இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை அந்நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். ஆகவே போடி, தேவாரம், கம்பம் பகுதி மாணவர்களிடம் ஒரு வேலையை முன்வைக்கிறோம். ஏலமலைச் சரிவுக்கு ஒரு சூழல் விதிப் புத்தகம் எழுதுங்கள். தொடக்கத்துக்கு ஐந்து விதிகளை நாம் தருகிறோம்.

ஒன்று: ‘இயல்பிலேயே பழகியவர் தானாகத் தேறுவார்’ என்ற வரி கிடையாது. குளிர் எல்லா உடம்புக்கும் குளிர். பாதுகாப்பு, கையில் இருக்கும் கம்பளியைப் பொறுத்தது. கம்பளி தர வேண்டியவர் யார் என்பதும் தாளில் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: பெயரில்லாத பாத்திரம் கிடையாது. சுமை தூக்குபவருக்கும் பாத்திரத் தாள் உண்டு. அவரும் கட்டை உருட்டுவார், வழியை மறுக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

மூன்று: நஞ்சு ஓர் இரவு ஓய்வில் நீங்காது. ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி ஏறும், இறங்காது. எத்தனை புள்ளியில் என்ன நோய் என்ற பட்டியலை மருந்தடிக்கும் தொழிலாளர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

நான்கு: களைப்பை ஒருவர் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. சங்கமாகச் சேர்ந்தவர்கள் படிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். சங்கம் இருந்தால் கூலிப் பட்டியலைத் திருத்தக் கட்டை உருட்டலாம்.

ஐந்து: வீடு திரும்பாமல் கதை முடியாது. சாகசப் புத்தகங்களில் புதையல் கிடைத்ததும் கதை முடிந்துவிடும். நம் புத்தகத்தில் 17 வளைவும் இறங்கி, சமைத்து, பிள்ளை பாடம் படித்து முடிக்கும் வரை நாள் முடியாது.

கூலி பாக்கிக்கும் பட்டாவுக்கும் போராட வேண்டிய நேரத்தில் விளையாட்டா என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. இந்தப் பட்டியல்களை நிரப்ப மாணவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண வேண்டும். எந்த மருந்தை எந்தப் பாதுகாப்போடு அடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கம்பளி விலையை நாள் கூலியால் வகுக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது தங்கள் வீட்டுக் கூலி எவ்வளவு இருந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும். புத்தகம் முடியும்போது கையில் ஒரு கள ஆய்வு இருக்கும். மாவட்ட ஆட்சியரிடமும் தொழிலாளர் துறையிடமும் அதை மனுவாகக் கொடுக்கலாம்.

இன்னொரு பயனும் உண்டு. விதியை வாசித்து, சரியில்லை என்று சொல்லி, மாற்றி எழுதி, ஆடிப் பார்த்து, மறுபடி திருத்திய பிள்ளைக்கு ‘பழகிப்போச்சு’ என்ற சொல்லைக் கேட்டால் காது கூசும். தோட்டத்தில் அந்த வாக்கியத்தை யாராவது சொல்லும்போது, எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் பத்துப் பேர் போடியில் உருவானால் போதும். மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள். முதல் பாத்திரத் தாளில் அந்த மூட்டை தூக்குபவருக்கு ஒரு பெயர் எழுதுங்கள்.

ஜெய்பீம்.